பட்ஜெட்டின் வால்

நகர சபை அலுவலகத்தில் அவருடைய இயற்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி மாடியில் உட்கார்ந்திருக்கும் ஆணையாளர் முதல் வாசலில் சைக்கிளுக்குச் சீட்டுக் கொடுப்பவர் வரை எல்லோருக்கும் அவர் ‘பட்ஜெட் சார்’. அக்கம்பக்கத்திலும் அதே பெயர்தான். கல்யாணத்துக்கு அழைக்க வந்த ஒருவர் பத்திரிகை உறையின் மேலேயே ‘பட்ஜெட் சார் குடும்பத்தினர்’ என்று எழுதியிருந்தார். மனைவிக்குக் கோபம் வந்தால் அடுப்படியிலிருந்து சுவரைப் பார்த்துச் சொல்வாள்: “பட்ஜெட்டுக்குத் தட்டு வெச்சாச்சு. வந்தா சாப்பிடலாம்.”

அந்தப் பெயரை ஒருமுறைகூட வாயால் சொல்லாதவள் அவருடைய தங்கை. அவளுக்கு அவர் அண்ணா. வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே உள்ளேயிருந்து “அண்ணாவா?” என்பாள்.

அவருடைய அறை மாடிப்படிக்குப் பின்னால் இருந்தது. ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் தண்ணீர் லாரி நிற்கும் கொட்டகை. மின்விசிறியைக் கூட்டினால் தாள் பறக்கும், குறைத்தால் வேர்க்கும். எனவே அதை நிறுத்திவிட்டு, சட்டைக்காலருக்குள் கைக்குட்டை செருகிக்கொண்டு வேலை செய்வார். வருடத்தில் பாதி நாள் அந்த அறைக்கு யாரும் வரமாட்டார்கள். பட்ஜெட் நெருங்கினால் உட்கார இடம் இருக்காது. ரோடு கேட்பவர், விளக்குக் கம்பம் கேட்பவர், தன் வார்டுக்குக் கொடுத்தது போதாது என்பவர், பக்கத்து வார்டுக்குக் கொடுத்தது அதிகம் என்பவர். எல்லோரும் கேட்டதை எழுதிக்கொள்வார். யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. பொறியாளர் ஒருமுறை கேலி செய்தார்: “சார்கிட்ட நிலாவுக்குப் படிக்கட்டு கேட்டாலும் கைப்பிடி வேணுமான்னு கேப்பாரு.”

இந்தச் சபையில் ஒரு பழக்கம் உண்டு. சட்டத்தில் எங்கும் எழுதப்படாதது. பட்ஜெட் கூட்டத்தில் உறுப்பினர்கள் ஏதாவது ஒன்றைக் குறைத்தாக வேண்டும். அப்போதுதான் மறுநாள் செய்தித்தாளில் ‘வீண் செலவுக்குக் கத்தரி’ என்று வரும். ஆனால் நிஜமாகவே தேவைப்பட்ட எதையாவது குறைத்தால் சண்டை வரும். அதனால், குறைப்பதற்கென்றே கடைசிப் பக்கத்தில் சில வேலைகளைச் சேர்த்துவைப்பார்கள். அலுவலகத்தில் அதற்குப் பெயர் ‘வால்’. உறுப்பினர்கள் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார்கள், வாலை ஒட்ட நறுக்குவார்கள், டீ ஆறுவதற்குள் கூட்டம் முடிந்துவிடும்.

வால் கட்டுவது லேசான வேலை இல்லை. தொகை சின்னதாக இருந்தால் குறைத்த பெருமை வராது. பேர்போன தெருவாக இருந்தால் ஆள் திரளும். வார்டு உறுப்பினர் வாய்க்காரராக இருந்தால் மேசையைத் தட்டுவார். பெரிய தொகையாக, சொந்தம் கொண்டாட ஆளில்லாததாக ஒரு வேலை வேண்டும். பட்ஜெட் சார் பல வருடங்களுக்கு முன்பே அப்படி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். பள்ளத் தெரு வடிகால்.

பள்ளத் தெரு பிறக்கும்போதே பள்ளமாக இருக்கவில்லை. அதன் முனையில் ஓடும் பெரிய சாலைக்கு ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டார்கள். சாலை வளர்ந்துகொண்டே போனது. தெரு இருந்த இடத்திலேயே இருந்து பள்ளமாகிவிட்டது. மழை பெய்தால் சாலையின் தண்ணீரும் சாக்கடையும் அங்கேதான் இறங்கும். தெருவின் ஒரு வரிசை ஒரு வார்டு, எதிர் வரிசை வேறு வார்டு. இரண்டு உறுப்பினர்களுமே அதை மற்றவருடைய தெரு என்று நினைத்தார்கள். சாலைக்குத் தார் போடும் வேலை ஒவ்வொரு பட்ஜெட்டிலும் முதல் பக்கத்தில் இருக்கும். அந்தத் தாரால் மூழ்கும் தெருவின் வடிகால் கடைசிப் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் எழுதியது ஒரே கை.

அந்தத் தெருவில், இடது வரிசையில், பச்சைக் கதவு வீட்டில்தான் தங்கை இருந்தாள்.

*

இப்போதைய தலைவி பதவிக்கு வருமுன் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். பேச்சிலும் அது வந்துவிடும். முதல் பட்ஜெட்டுக்கு முன்பு மாடிப்படி இறங்கி இவர் அறைக்கே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“சார், எனக்கு இது புதுசு. கூட்டத்துல ஏதாவது குறைக்கச் சொல்லுவாங்களாமே? எங்க பிரேக் போடறதுன்னே தெரியல.”

“கவலைப்படாதீங்க மேடம். பிரேக் போடறதுக்குன்னே கடைசிப் பக்கம் வெச்சிருக்கேன். பள்ளத் தெருவை வெட்டுங்க. சத்தம் வராது.”

“வராதுன்னு எப்படிச் சொல்றீங்க? தண்ணிப் பிரச்சினைன்னா ஜனங்க ரோட்டுல உக்காந்துடுவாங்களே.”

அவர் சிரித்தார். புதுத் தலைவிக்கு நம்பிக்கை வரவேண்டுமே என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார். “அங்க என் தங்கச்சியே இருக்கா மேடம். அவளே கேக்க மாட்டா. மத்தவங்களையும் கேக்க விட மாட்டா.”

தலைவி, “நீங்க பயங்கரமான ஆளு சார்” என்றார். பாராட்டாகத்தான்.

தனக்குள் அவர் வேறுவிதமாகச் சமாதானம் சொல்லி வைத்திருந்தார். பட்டியலில் இருக்கும் வேலை இன்றில்லாவிட்டாலும் என்றைக்காவது நடக்கும். பட்டியலில் இல்லாத வேலை பிறக்கவே இல்லை. வால் என்றாலும் பட்ஜெட்டுக்குள்தானே இருக்கிறது? தங்கை தெருவை நான் மறக்கவில்லை. வருடம் தவறாமல் எழுதுகிறேன். இது பொய்யில்லை என்பதுதான் இதில் இருந்த மோசம்.

*

தங்கை ரவிக்கை தைப்பவள். முன்னறைதான் கடை. தையல் இயந்திரம் ஒரு மரப்பலகைமேல், பலகை செங்கல்மேல். ஃபிரிட்ஜ் சிமெண்ட் கல்மேல். கத்தரித்த துணிகளெல்லாம் கூரைக்குக் கீழே கட்டிய கொடியில், பைபையாக. அந்த வீட்டில் தரையில் இருந்தது செருப்பு மட்டும்தான். அது மிதக்கும் என்பதால் கவலையில்லை.

உள்ளறைக் கட்டிலும் கல்மேல்தான். கட்டிலில் அவள் கணவர். பஸ் கண்டக்டராக இருந்தவர்; பக்கவாதம் வந்து இடது பக்கம் போய்விட்டது. வாய் மட்டும் பணி ஓய்வு பெறவில்லை. யார் வந்தாலும், “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிக்காதீங்க” என்பார். மைத்துனர் வந்தால் தனி வரவேற்பு.

“வாங்க மச்சான். என்ன, இந்த வருஷமும் டிக்கெட் கிழிச்சாச்சா?”

“எழுதிட்டுத்தான் இருக்கேன் மாப்பிள்ளை. மேல வெட்டிடறாங்க.”

“அதைத்தான் சொல்றேன். வருஷா வருஷம் டிக்கெட் கிழிக்கறீங்க, வண்டிதான் எடுக்க மாட்டேங்கறீங்க.”

“நீங்க சும்மா இருங்க” என்று தங்கை அதட்டுவாள். “எங்க அண்ணன் ஒரு ஆளு எத்தனை பேரோட மல்லுக்கட்டும்?”

அவள் நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். பட்ஜெட் வரைவு வெளியான மறுநாள் செய்தித்தாளில் பள்ளத் தெரு வடிகால் என்ற வரியைத் தேடிக் கண்டுபிடித்து, எதிர் வீட்டு எலக்ட்ரீஷியனிடம் காட்டுவாள். “பாருங்க, அண்ணன் எழுதிட்டாரு.” கூட்டம் முடிந்து அது வெட்டப்பட்ட செய்தி வந்தால் அதையும் காட்டுவாள். “பாருங்க, வெட்டிட்டாங்க பாவிங்க.”

எலக்ட்ரீஷியன் பொறுமையில்லாதவர். ஒரு மழைக்குப் பிறகு தெருவில் ஆள் சேர்த்தார். பெரிய சாலையில் போய் உட்காரலாம், பஸ்ஸை மறிக்கலாம் என்று முடிவாகிவிட்டது. தடுத்தவள் தங்கைதான். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்: எங்க அண்ணன் உள்ளே இருந்து போராடறாரு. நாம வெளியே இருந்து கத்தினா அவருக்குத்தான் கெட்ட பேரு. இந்த ஒரு வருஷம் பொறுங்க. அவள் பேச்சுக்குத் தெருவில் மரியாதை இருந்தது. பொறுத்தார்கள். அந்த ஒரு வருஷம் அதன் பிறகு பலமுறை வந்துபோனது.

மழையன்று அவள் முதலில் போன் செய்வது அண்ணனுக்குத்தான். அவரும் சாப்பாட்டை விட்டுவிட்டுக்கூட ஓடுவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியால் இறைப்பார். அந்த நேரத்தில் அவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அவருக்கே வராது.

போன மழை வேறு மாதிரி. சாலையில் புதுத் தார் போட்டிருந்தார்கள். தண்ணீர் வாசற்படியைத் தாண்டி, கல்லைத் தாண்டி, கட்டில் மெத்தையைத் தொட்டது. தங்கை கடைத்தெருவில் நூல் வாங்கப் போயிருந்தாள். சாலையில் போக்குவரத்து நின்றுவிட்டது. அசைய முடியாத மனிதர், முதுகு நனைய நனைய, கூரையைப் பார்த்தபடி, “யாராவது இருக்கீங்களா?” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எலக்ட்ரீஷியன் வந்து தூக்கியபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் படுத்து, பிழைத்து வந்தார். இன்னொரு முறை இப்படி நனைந்தால் என்னால் பொறுப்பேற்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணா, உன் மேல தப்பு இல்ல. ஆனா இந்த வருஷம் எப்படியாவது...”

“இந்த வருஷம் நடக்கும்” என்றார் அவர். “என் கடைசி பட்ஜெட். நடத்திக் காட்டறேன். நீயே வந்து பாரு.”

*

சொன்னதைச் செய்ய அவருக்கு ஒரு வழிதான் தெரிந்தது. அதிகாரிகளிடம் போய் மன்றாடத் தெரியாது. உறுப்பினர்கள் வீட்டுக்குப் போகத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது பக்கங்கள். உறுப்பினர்கள் யாரும் படிப்பதில்லை, கடைசிப் பக்கத்தைப் புரட்டி அதில் இருப்பதை வெட்டுகிறார்கள் என்பது அவர் தொழில் வாழ்க்கையின் மொத்த ஞானம். அப்படியானால் வேலையை இடம் மாற்றினால் போதும். பள்ளத் தெரு வடிகாலை, தண்ணீரை வெளியே தள்ளும் பம்பு அறையோடு, முதல் பக்கத்தில் முதல் வேலையாக வைத்தார். வாலுக்கு வேறு இரண்டைத் தேடினார். மணிக்கூண்டு முன்னால் ஒரு நீரூற்று. ஊர் எல்லையில் ஒரு வரவேற்பு வளைவு. இரண்டும் யாரோ எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னவை. யாரும் கேட்காதவை. வெட்டுவதற்கு இதைவிடத் தோதாக எது கிடைக்கும்?

ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னார். அவள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“இத்தனை வருஷம் வாலா இருந்ததைத் தலையில ஒட்டியிருக்கீங்க. மாடு நடக்குமா?”

“வாய வெக்காதே.”

“நான் வெக்கல. தலைவியம்மாகிட்ட போய் நடந்ததை நேராச் சொல்லிடுங்க. மாப்பிள்ளை சாகப் பொழைக்கக் கிடந்தாரு, இந்த வருஷம் வெட்டாதீங்கன்னு.”

அவர் மோர்ச் சோற்றைப் பிசைந்தார். அப்படிக் கேட்டால், இத்தனை வருடம் ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி வரும். மனைவி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மோர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வரைவு செய்தித்தாளில் வந்தது. முதல் வரியிலேயே பள்ளத் தெரு. தங்கை தெரு முழுக்கக் காட்டினாள். எலக்ட்ரீஷியன்கூட, “பரவாயில்லியே, உங்க அண்ணன் ஜெயிச்சிட்டாரு போல” என்றார். கட்டிலில் இருந்தவர் மட்டும், “வண்டி நகரட்டும், அப்புறம் விசில் அடிக்கலாம்” என்றார்.

*

பட்ஜெட் கூட்டத்தைப் பார்க்கப் பொதுமக்கள் வரலாம். பின்னால் இரண்டு பெஞ்சுகள் உண்டு. வழக்கமாக வெயிலுக்கு ஒதுங்குபவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அன்று ஒரு பெஞ்சு நிறையப் பள்ளத் தெருக்காரர்கள். தங்கை தானே தைத்த புது ரவிக்கை போட்டிருந்தாள். பக்கத்தில் எலக்ட்ரீஷியன். அவள் அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் சுவரோரம், அதிகாரிகளுக்குப் பின்னால் தன் நாற்காலியில் இருந்தார். கேட்டால் ஒழிய அவர் நிலையில் உள்ளவர்கள் பேசக்கூடாது. இதுவரை யாரும் கேட்டதில்லை.

தலைவி வரவு செலவைப் படித்து முடித்தார். தண்ணீர் குடித்தார்.

“சரி, சிக்கனம் பார்க்கலாம். எல்லாரும் கடைசிப் பக்கத்துக்கு வாங்க.”

தாள்கள் சரசரத்தன. முன்வரிசையில் இருந்தவர் மருந்துக்கடை நடத்தும் உறுப்பினர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“நீரூற்றா? மணிக்கூண்டு முன்னாடியா?”

“ஆமா. வெட்டிடலாமா?”

“எதுக்கு வெட்டணும்? மணிக்கூண்டு எங்க இருக்கு? என் கடைக்கு எதிர்ல. அதாவது, மக்கள் கூடற இடத்துல. இது நல்ல விஷயம். இதைத் தொடக் கூடாது.”

“அப்ப வளைவு?”

லாரிகள் வைத்திருக்கும் உறுப்பினர் எழுந்தே விட்டார். “வளைவு எங்க வார்டுல வருது. ஊருக்குள்ள நுழையறவன் முதல்ல என்னைத்தானே, எங்க வார்டைத்தானே பாக்கணும்? அதை வெட்டினா நான் வெளிநடப்பு.”

எழுதப்படும்வரை அந்த இரண்டுக்கும் சொந்தக்காரர்கள் இல்லை. அச்சில் வந்ததும் வந்துவிட்டார்கள்.

சபை விழித்தது. வெட்ட ஏதுமில்லாமல் ஒரு பட்ஜெட்டை அவர்கள் பார்த்ததே இல்லை. மருந்துக்கடைக்காரர் தாளை முன்னும் பின்னும் புரட்டினார். “ஆமா, நம்ம பள்ளத் தெரு எங்க காணோம்? அது இல்லாம என்னத்தை வெட்டறது?”

“முதல் பக்கத்துல நிக்குது சார்” என்றார் பொறியாளர், தலையைத் தூக்காமல்.

“முதல் பக்கத்துலயா? வழி தவறி வந்துடுச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். பின் பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. வெட்டிவிடலாம் என்று இரண்டு மூன்று குரல்கள் வந்தன. பழகிய, பகையில்லாத குரல்கள். கடைசிப் பக்கம் என்ற இடத்தைத்தான் அவர்கள் வெட்டுகிறார்கள் என்று பட்ஜெட் சார் நினைத்திருந்தார். இத்தனை வருடத்தில் அவர்களுக்கு அந்தப் பெயரே வெட்டுவதற்கானது என்று பழகிப்போயிருந்தது. பழக்கியவர் அவர்தான்.

அவர் எழுந்தார்.

“மேடம், ஒரு வார்த்தை.”

“அட, பட்ஜெட் சார் பேசறாரு!” லாரிக்காரர் கைதட்டினார். சிலர் சேர்ந்து தட்டினார்கள்.

“பள்ளத் தெரு வடிகால் இந்த வருஷம் நிஜமாவே வேணும் மேடம். அங்க தண்ணி கட்டில் வரைக்கும் வருது. அதை வெட்டாதீங்க.”

“நிஜமாவேன்னா?” மருந்துக்கடைக்காரர் திரும்பினார். “அப்ப இத்தனை வருஷம் சும்மாவா எழுதினீங்க?”

“இத்தனை வருஷமும் வேணுந்தான். ஆனா...”

அவர் திணறுவதைத் தலைவி பார்த்தார். நல்ல மனசுக்காரர். ஓய்வு பெறப்போகும் மனிதரைச் சபையில் நெளியவிடக் கூடாது என்று உதவிக்கு வந்தார்.

“சாரைச் சங்கடப்படுத்தாதீங்க. இது அவரோட கடைசி பட்ஜெட். ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நான் புதுசா வந்தப்ப எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது. சார்தான் கத்துக்கொடுத்தாரு. ‘மேடம், பள்ளத் தெருவை வெட்டுங்க, சத்தம் வராது. அங்க என் தங்கச்சியே இருக்கா, அவளே கேக்க மாட்டா, மத்தவங்களையும் கேக்க விட மாட்டா’ன்னாரு. சொந்தத் தங்கச்சி இருக்கற தெருவையே வெட்டச் சொல்ற மனுஷனை எங்கயாவது பாத்திருக்கீங்களா? தனக்குன்னு எதுவும் பாக்காத ஆளு. இன்னைக்கு வயசான காலத்துல பாசம் வந்திருக்கு, அவ்வளவுதான். கைதட்டுங்க.”

இந்த முறை எல்லோரும் தட்டினார்கள்.

அவர் பின்னால் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பெஞ்சு கிறீச்சிட்டது, செருப்புகள் நகர்ந்தன. கைதூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள். பள்ளத் தெரு வடிகால் போனது. உடனேயே பிஸ்கட் வந்தது, டீ வந்தது, நீள அட்டைப்பெட்டியில் சுவர்க்கடிகாரம் ஒன்றும் வந்தது. ஓய்வு பெறுபவருக்குச் சபையின் அன்பளிப்பு. போட்டோவுக்காக அதை மார்போடு பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். நின்றார்.

*

அட்டைப்பெட்டியோடு அவர் கீழே ஓடி வந்தபோது தங்கை சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றிருந்தாள். தெருக்காரர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள், இழவு வீட்டு வாசலில் நிற்பதுபோல.

“நீ நினைக்கற மாதிரி இல்லம்மா.”

“நான் என்ன நினைக்கறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“பட்டியல்ல இல்லாட்டி அந்த வேலையே இல்லாமப் போயிடும். அதுக்காகத்தான் ஒவ்வொரு வருஷமும்... இருந்துட்டே இருந்தா என்னைக்காவது ஒரு நாள்...”

“என்னைக்காவது.” அவள் அந்தச் சொல்லைத் துணியைத் தடவிப் பார்ப்பதுபோலச் சொன்னாள். “இவங்கெல்லாம் ரோட்டுல உக்காரப் போனாங்க அண்ணா. நான்தான் போக விடல. வீடு வீடாப் போய்க் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன், எங்க அண்ணன் உள்ள இருந்து போராடறாருன்னு. சத்தம் வராதுன்னு நீ மேடத்துகிட்ட சொன்னியே, அது வராமப் பாத்துக்கிட்டது நான்தான். உனக்கு நான் சம்பளம் இல்லாம வேலை பாத்திருக்கேன்.”

“தங்கச்சி...”

“அவரு கட்டில்ல நனைஞ்சுக்கிட்டு, யாராவது இருக்கீங்களான்னு கூப்பிட்டாரு. அப்பவும் உன்னைத்தான் நினைச்சேன். அண்ணா இருக்காருன்னு நினைச்சேன்.”

அவள் கண்ணில் நீர் இல்லை. அவருக்கு அதுதான் பயமாக இருந்தது. அவள் எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினாள்.

“வாங்கண்ணா, போலாம்.”

அந்தச் சொல் வேறொருவருக்குப் போவதைக் கேட்டுக்கொண்டு, கடிகாரத்தை அணைத்தபடி அவர் நின்றார்.

*

அதன் பிறகு பள்ளத் தெரு ஒருவழியாகப் பெரிய சாலையில் உட்கார்ந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவள் தங்கை. பஸ்கள் நின்றன. தலைவி வெயிலில் குடை பிடித்துக்கொண்டு வந்து, கோபப்படாமல், பொறுமையாக விளக்கினார். நியாயமான கோரிக்கைதான். ஆனால் பட்ஜெட்டில் இல்லாத வேலையைச் செய்ய எனக்கு அதிகாரமில்லை. போன மாதம் வந்திருந்தால்கூட ஏதாவது பண்ணியிருக்கலாம். அடுத்த பட்ஜெட்டில் கட்டாயம் சேர்க்கிறோம். கூட்டம் கலைந்தது. அதை மறுநாள் செய்தித்தாளில் படித்த பட்ஜெட் சார், தாளை மடித்து வைத்தார். பட்டியலில் இல்லாத வேலை பிறக்கவே இல்லை என்று அவர் சொன்னது எவ்வளவு உண்மை!

ஓய்வு பெற்றார். கடிகாரத்தை மனைவி கூடத்தில் மாட்டினாள். அவர் இடத்துக்கு வந்த புது ஆள் ஒரு நாள் போன் செய்தார்.

“சார், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க. அடுத்த வருஷத்துக்கு இப்பவே குறிப்பெடுக்கச் சொல்றாங்க. நீரூற்று, வளைவு ரெண்டும் வேலை ஆரம்பிச்சாச்சு. பள்ளத் தெருவை எங்க போடறது? பொறியாளர் சார், எப்பவும் போடற இடத்துலயே போடுன்னு சொல்றாரு.”

“முதல் பக்கத்துல போடுங்க.”

“முதல் பக்கத்துல போட்டீங்கன்னுதானே சார் போன தடவை குழப்பம்?” அந்தப் பையன் குரலில் கேலி இல்லை, கற்றுக்கொள்ளும் ஆர்வம்தான் இருந்தது. அவர் போனை வைத்துவிட்டார்.

தங்கை வீட்டுக்கு இரண்டு முறை போனார். ஒரு முறை கதவு சாத்தியிருந்தது. இன்னொரு முறை திறந்திருந்தது; உள்ளே தையல் இயந்திரச் சத்தம் கேட்டது. வாசலில் செருப்பைத் தேய்த்து ஒலி எழுப்பினார். இயந்திரம் நிற்கவில்லை. “அண்ணாவா?” என்று யாரும் கேட்கவில்லை. திரும்பிவிட்டார்.

அந்த வருட மழை ஒரு சாயங்காலம் பிடித்தது. ஆரம்பத்திலேயே கனமாக. அவர் கூடத்தில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியை எடுத்து வைத்துக்கொண்டு. போன் அடிக்கவில்லை. மனைவி இரண்டு தரம் வந்து பார்த்தாள்.

“கூப்பிடாமப் போகக் கூடாதா என்ன?” என்றாள் கடைசியில். “போங்க. திட்டினா வாங்கிட்டு வாங்க.”

பள்ளத் தெரு முனையில் சாலை முடிந்து தண்ணீர் ஆரம்பித்தது. இறங்கினார். முழங்காலுக்கு மேல் வந்தது. பச்சைக் கதவுக்கு முன்னால் தெருவே நின்று கைமாற்றி இறைத்துக்கொண்டிருந்தது. வாளி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, அங்கிருந்து அடுத்த கைக்கு. நடுவில் தங்கை. கொண்டை அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. எதிர் வீட்டு மாடி ஜன்னலில் விளக்கெரிந்தது. ஜன்னலோரம் கட்டில் போட்டு அதில் மாப்பிள்ளையைப் படுக்க வைத்திருந்தார்கள். காய்ந்த போர்வை. அதைப் பார்த்ததும் அவருக்கு மூச்சு வந்தது.

அவர் தன் வாளியோடு வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றார். தங்கை நிமிர்ந்தாள். தெருவில் யாரோ வெளியாளைப் பார்ப்பதுபோல, முகத்தில் தண்ணீரை வழித்துவிட்டுப் பார்த்தாள்.

“பட்ஜெட் சார் வந்திருக்காரு” என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. குரலில் சூடு இல்லை. “நீங்க எதுக்கு சார் சிரமப்படறீங்க? நனைஞ்சுடுவீங்க. மேட்டுல நில்லுங்க.”

வாளி அவரைத் தாண்டி ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போனது. அவர் கையை நீட்டினார். எலக்ட்ரீஷியனின் கை குறுக்கே வந்து வாங்கிக்கொண்டது. வரிசையில் எங்கும் இடைவெளி இல்லை.

மாடி ஜன்னலோரக் கட்டிலிலிருந்து மாப்பிள்ளை தலையைத் திருப்பிப் பார்த்தார். நல்ல பக்கத்துக் கையை ஆட்டினார்.

“வண்டி ஃபுல்லு மச்சான்” என்றார். “அடுத்த வண்டில வாங்க.”